கத்திரி வெயிலில் லாரியும் ஜியோகேச்சிங்கும்: டிரைவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கடலூர் முதுநகர்க்காரன். 16 வருஷமாக லாரி ஓட்டுகிறேன். இப்போது கையில் இருப்பது பன்னிரண்டு சக்கர வண்டி. பண்ருட்டி முந்திரி, சிப்காட் சரக்கு என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு பெங்களூரு, ஹூப்ளி, புனே வழியாகக் குஜராத் வரை போவேன். நாலு வருஷமாக வண்டி நிற்கிற இடங்களில் ஜியோகேச்சிங் விளையாடுகிறேன். டீக்கடையிலும் எடைமேடை வரிசையிலும் சக டிரைவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதியிருக்கிறேன். வெயிலைப் பற்றிய கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் பதிலும் அங்கேதான் நீளும்.

ஜியோகேச்சிங் என்றால் என்ன அண்ணே? புதையலா?

ஒருவர் ஒரு டப்பாவை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் செல்போன் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிப் போய், டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே சுருட்டி வைத்திருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்தது இருந்தபடி வைத்துவிட்டு வர வேண்டும். அந்த டப்பாவுக்குத்தான் கேச் என்று பெயர். பணம் காசு கிடையாது. பெரிய டப்பாவாக இருந்தால் சாவிக்கொத்து, கோலிக்குண்டு, வெளிநாட்டுச் சில்லறை என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்பில், முடிந்தால் அதைவிட நல்லதாக ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது. எறும்பும் எலியும் டப்பாவைத் துளைத்துவிடும். கத்தி, பட்டாசு, மது எதுவும் கூடவே கூடாது.

இது தொடங்கிய கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொதுமக்களுக்குக் கொடுத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிசகை வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவி ஒரே ராத்திரியில் கிட்டத்தட்டச் சரியான இடத்தைக் காட்ட ஆரம்பித்தது. மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, எண்களை வெளியிட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல் கேச் இருக்கிறது. 2008-ல் விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்தார்கள். நம் நாட்டில் ஐரோப்பா, அமெரிக்கா அளவுக்கு நெருக்கமாகக் கிடையாது. ஆனால் நெடுஞ்சாலையில் ஓடுகிறவனுக்கு நாலு மாநிலம் ஒரே வாரத்தில் கைக்கு எட்டும். அந்த வசதி ஊரோடு இருக்கிறவர்களுக்கு இல்லை.

லாரி டிரைவருக்கு இது எதுக்கு? அந்த நேரத்தில் தூங்கினாலாவது உடம்புக்கு நல்லதுதானே?

தூக்கம்தான் முதலில். அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. தூங்க வேண்டிய நேரத்தை எடுத்து கேச் தேடப் போனால், அதற்கான விலையை ராத்திரி மூணு மணிக்கு ஸ்டியரிங்கில் கொடுக்க வேண்டிவரும். 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் கண்ணை மூடத் தோன்றினால் மூடிவிடுங்கள்.

நான் சொல்வது வேறு நேரம். லோடு இறக்கக் காத்துக் கிடக்கிறோமே, அந்த நேரம். ஒரு தொழிற்சாலை வாசலில் காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கி, சாயந்திரம் நாலு மணிக்கு உள்ளே விட்டார்கள். ஒன்பது மணி நேரம். தூக்கமும் வராது, கேபின் அடுப்பாகக் கொதிக்கும். போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் தலைவலி. இப்படி எத்தனை நாள் போயிருக்கிறது என்று கணக்குப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று. சித்ரதுர்காவை நூறு தடவைக்கு மேல் தாண்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த சித்ரதுர்கா என்பது மலைமேல் சுற்றுகிற காற்றாலை, ஒரு டோல்கேட், ஒரு பஞ்சர் கடை. அவ்வளவுதான். எங்களுக்கு ஊர் என்பது பச்சைப் பலகையில் தொடங்கி அடுத்த பச்சைப் பலகையோடு முடிந்துவிடும். அந்த வட்டாரத்தில் ஒரு நாள் விடிகாலை கேச் தேடி அரைக் கிலோமீட்டர் உள்ளே நடந்தேன். படிக்கட்டு இறங்குகிற ஒரு பழைய கல் கிணறு. மேல் படியில் பெண்கள் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டப்பா எங்கே என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே ஒருத்தர் ஆலமரத்தைக் கை காட்டினார். பத்து நிமிஷம்தான் இருந்தேன். அன்றைக்குத்தான் அந்த ஊருக்கு நான் வந்தேன் என்று சொல்ல முடியும். அதற்கு முன்னால் நூறு தடவை தாண்டித்தான் போயிருக்கிறேன்.

எண்ணை எப்படிப் படிப்பது? கணக்கு தெரிய வேண்டுமா?

வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் புரிந்தால் தேடுவது பாதி சுலபம். எண்கள் இப்படி இருக்கும்: வடக்கு 11 டிகிரி 44.812 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 46.350 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் நடந்தால் 1.85 கிலோமீட்டர். அப்படியானால் புள்ளிக்குப் பிறகு மூன்றாவது இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர், கிட்டத்தட்ட நம் வண்டிச் சக்கரம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்த நீளம். தீர்க்கரேகையில் நம் பக்கம் அது 1.81 மீட்டர் வரும். இதைத் தெரிந்துகொண்டால் போன் 'இன்னும் 6 மீட்டர்' என்று காட்டும்போது பதற மாட்டீர்கள். திறந்த வெளியில் நல்ல போனே மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும்; மரத்தடியில் இன்னும் கூடும். பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும். நானாக இருந்தால் எங்கே ஒளித்து வைப்பேன் என்று யோசித்தாலே பாதி டப்பா கிடைத்துவிடும்.

லாரிக்காரர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை ஒன்று உண்டு. கேபினில் உட்கார்ந்தபடி திசை பார்க்காதீர்கள். போனுக்குள் இருக்கிற திசைகாட்டி காந்தத்தில் வேலை செய்வது. அத்தனை டன் இரும்புக்குப் பக்கத்தில் முள் இஷ்டத்துக்குத் திரும்பும். முதல் மாதம் முழுக்க நான் இப்படி எதிர்த்திசையில் நடந்திருக்கிறேன். இறங்கி, வண்டியை விட்டுப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, திறந்த வானத்துக்குக் கீழே ஒரு நிமிஷம் சும்மா நின்று, போனை எட்டு மாதிரிச் சுழற்றிவிட்டுப் பிறகு நடங்கள்.

எண் படிக்கப் பழகுவதற்கு நம் பக்கத்திலேயே அழகான ஒரு பயிற்சி இருக்கிறது. புதுச்சேரி 12 டிகிரி கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, காலாப்பட்டு சற்று வடக்கே. ஈசிஆரில் இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் எல்லாரும் போகிறோம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்து பாருங்கள். 11 டிகிரி 59.997, 59.998, 59.999, பிறகு 12 டிகிரி 00.000. ஒரு பெட்டிக்கடை வாசலில் அந்தச் சைபர் வரிசை விழுந்தபோது எனக்குப் புல்லரித்தது. தயவுசெய்து ஓட்டிக்கொண்டே பார்க்காதீர்கள்.

கத்திரி வெயிலில் எந்த நேரத்தில் தேடலாம்?

காலை ஐந்தரை முதல் எட்டு வரை. சாயந்திரம் ஐந்தரைக்குப் பிறகு வெளிச்சம் இருக்கும்வரை. நடுவில் வேண்டாம். ஐந்நூறு மீட்டர்தானே, இருநூறு மீட்டர்தானே என்கிற சமாதானம் எதுவும் வேண்டாம்.

அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். ஆனால் வெயில் ஊருக்கு ஊர் வேறு மாதிரி அடிக்கும், அதைப் பற்றி டிரைவர்கள் போதிய அளவு பேசுவதில்லை. கடலூர், புதுச்சேரியில் காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும், அனல் மாதிரி இருக்கும். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று இறங்கிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். அது தாமதமாகிற நாளில்தான் 40 டிகிரியைத் தொடும். ஆக நம் கரையில் பதினொன்று முதல் ஒன்று வரை ரொம்ப மோசம். வேலூர், சித்ரதுர்கா, சோலாப்பூர் மாதிரி உள்நாட்டில் கடல்காற்று கிடையாது. அங்கே ஒன்று முதல் நாலு வரை தலையைக் காட்டக் கூடாது.

இன்னொரு வித்தியாசம் புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரையில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. ஹூப்ளிப் பக்கம் 38 டிகிரியில் சமாளித்தவன் தேவனாம்பட்டினத்தில் 35 டிகிரியில் தள்ளாடுவான். போனில் தெரிகிற டிகிரியை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு காயவே மாட்டேன் என்கிறதா, அதைப் பாருங்கள்.

ஏசி கேபினிலிருந்து இறங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் ஆகியிருக்கிறது. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் குளிரிலிருந்து சட்டென்று தீயில் இறங்கி நடக்க உடம்புக்குப் பழக்கம் வேண்டும். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, வண்டி நிழலில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு நடங்கள். என் வண்டி பழசு, ஏசி இல்லை. பழகிய உடம்புதான். அப்படியும் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின மே மாதம், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், மதியம் ஒன்றரை மணி. ஒரு கேச் 300 மீட்டர் என்று காட்டியது. கையில் அரை பாட்டில் தண்ணீர், அதுவும் வெந்நீர். தலையில் துண்டு. பாறை மேட்டில் ஏறினேன். டப்பா கிடைக்கவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முக்கால் மணி நேரம் போய்விட்டது. கை கூசுகிற மாதிரி இருந்தது. போனில் இருந்த எண்ணைப் படிக்கிறேன், படித்தது மனசில் நிற்கவில்லை. 44-ஆ 54-ஆ என்று மூன்று தடவை பார்த்தேன். அங்கேயே பயந்து இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கிளீனர் தம்பிக்குச் சந்தேகம் வந்து தேடி வந்தான். வேப்ப நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கேனைத் தலையில் ஊற்றி, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தான். "அண்ணே, என் பேர் என்ன சொல்லுங்க" என்று கேட்டான். சொல்ல இரண்டு நொடி ஆனது. அந்த இரண்டு நொடியை நான் மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு மத்தியானத்தில் எந்தக் கேச்சுக்கும் போனதில்லை.

அப்படி மயக்கம் வந்தால் என்ன செய்வது?

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் அதோடு நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய், உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. உடனே 108. வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்க நனைத்து, அட்டையோ துண்டோ வைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தண்ணீர் எவ்வளவு? என்ன குடிக்கலாம்?

கேச்சுக்கு நடக்கிற அரை மணி நேரத்துக்கே ஒரு லிட்டர் கையில் இருக்க வேண்டும். ஓஆர்எஸ் பாக்கெட்டைச் சரியாக ஒரு லிட்டரில் கரையுங்கள், கெட்டியாகக் கரைத்தால் கெடுதல். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு. கரண்டி தலை தட்டி இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து கிளம்புகிற நாளில் எனக்கு நீராகாரமும் சின்ன வெங்காயமும்தான். பாட்டி காலத்துப் பழக்கம், உப்பும் நீரும் சேர்ந்தே இறங்கிவிடும். வழியில் திண்டிவனம் பக்கம் தர்பூசணி, ரோட்டோர நுங்கு, பானை மோர். பண்ருட்டியில் இந்தச் சீசனில் பலாப்பழம் மலிவு. சாப்பிடுங்கள், ஆனால் வெயிலில் நடக்கப் போகும் முன்னால் வயிறு நிறைய வேண்டாம். பிபிக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நீர் பிரிகிற வகை மாத்திரையாக இருந்தால் உடம்பு சீக்கிரம் காய்ந்துவிடும். நம் தொழிலில் பிபி இல்லாதவர் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன் சூடாகி அணைந்துவிடுகிறதே?

டேஷ்போர்டில் வைக்காதீர்கள். முன்கண்ணாடிக்குக் கீழே போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது தொட முடியாது. பல போன்கள் 35 டிகிரி வரைக்கும்தான் சரியாக ஓடும் என்று தயாரிப்பாளர்களே போட்டிருக்கிறார்கள். நடக்கும்போது வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் வையுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஜிபிஎஸ் ஓட்டாதீர்கள். சூடாகிவிட்டது என்று ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும்.

நான் எப்போதும் எண்ணையும் குறிப்பையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வேன். டவர் இல்லாத இடத்தில் அது கைகொடுக்கும். பென்சில்தான் நல்லது. கேபின் சூட்டில் பேனா கசிந்து சட்டைப் பை முழுக்க நீலம்.

வண்டியை எங்கே நிறுத்துவது?

கேச்சுக்குப் பக்கத்தில் நிறுத்தப் பார்க்காதீர்கள். பெட்ரோல் பங்க், லாரிகளுக்கென்று விட்ட இடம், தாபா வளாகம், இந்த மூன்றில் ஒன்றில் நிறுத்திவிட்டு மிச்சத்தை நடங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற லாரியின் பின்னால் மோதிச் செத்தவர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். ஒரு டப்பாவுக்காக அந்தப் பாவம் வேண்டாம்.

லோடோடு இருந்தால் ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். நானும் மாத்து டிரைவரும் முறை வைத்துக்கொள்வோம். சிப்காட்டிலிருந்து ரசாயன டேங்கர் எடுக்கிற தம்பிகளே, உங்களுக்குப் பதில் ஒரே வரிதான்: லோடு இறங்கும்வரை இந்த விளையாட்டைத் தொடாதீர்கள். புதுச்சேரி நகருக்குள் கேச் இருந்தால் வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய்விடுங்கள்.

பாம்பு, தேள் இருக்காதா?

இருக்கும். கோடையில் பகல் முழுக்க இடுக்கில் கிடந்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் வெளியே வரும். நாம் தேடுகிற நேரமும் அதுதான். கல் இடுக்கு, பொந்து, பனை மட்டைக் குவியல் எதிலும் வெறுங்கையை விடக் கூடாது. என்னிடம் ஒன்றரை முழக் குச்சி இருக்கிறது. முதலில் தரையைத் தட்டுவேன், பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பேன், பிறகுதான் கை. ரப்பர் செருப்பு வேண்டாம், உருகின தாரில் ஒட்டிக்கொள்ளும், முள்ளும் ஏறும். ஷூ போடுங்கள். கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை.

ஊர்க்காரர்களோ போலீஸோ சந்தேகப்பட்டால்?

உண்மையைச் சொல்லுங்கள். சாவி விழுந்துவிட்டது, அது இது என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வெளியூர் லாரிக்காரன் புதரைக் கிளறுகிறான் என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். நான் முதலில் பக்கத்து டீக்கடையில் டீ வாங்கி, போனைக் காட்டி, "அண்ணே, இங்க ஒரு டப்பா ஒளிச்சு வச்சிருக்காங்க, கண்டுபிடிக்கிற விளையாட்டு" என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு ஒன்பது இடத்தில் கடைக்காரர் பையனே கூட வந்துவிடுவான்.

2011-ல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் ஒருவர் கேச்சை எடுத்து வைப்பதைப் பார்த்தவர்கள் வெடிகுண்டு என்று நினைத்துப் புகார் சொல்ல, ராணுவ நிபுணர்கள் வந்து அந்த டப்பாவை வெடிக்கவைத்தே அழித்தார்கள். ஆகவே ரயில்பாதை, துறைமுகம், மின்நிலையம், பாலத்தின் அடிப்பகுதி இங்கெல்லாம் எண் காட்டினாலும் போகாதீர்கள்.

செயற்கைக்கோள் கருவி வாங்கலாமா?

சாதாரண கை ஜிபிஎஸ் போதும், போனே போதும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற இன்ரீச் மாதிரிக் கருவிகளையும் சாட்டிலைட் போனையும் அரசு அனுமதி இல்லாமல் நம் நாட்டில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுக்காரர்களே தெரியாமல் கொண்டுவந்து கைதாகியிருக்கிறார்கள்.

செலவு?

ஜியோகேச்சிங் செயலி இலவசம். கட்டணம் கட்டினால் கூடுதல் கேச் தெரியும். நான் முதல் வருஷம் கட்டவில்லை.

தேடியும் கிடைக்காவிட்டால் மனசு விட்டுப் போகிறதே?

கிடைக்கவில்லை என்று செயலியில் பதிவு பண்ணுங்கள், அதில் வெட்கம் இல்லை. டப்பா காணாமல் போயிருக்கிறது என்று வைத்தவருக்கு அப்போதுதான் தெரியும்.

எனக்கு ஏமாற்றம் வரும்போது புதுச்சேரிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரை நினைத்துக்கொள்வேன். லெ ஜான்தீ என்ற வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பதை அளக்க 1760-ல் பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் சண்டையில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் மாதம் அந்த நிகழ்வு நடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில். ஒன்றும் அளக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்து. ஊர் திரும்பாமல் காத்திருந்தார். புதுச்சேரியிலேயே ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு வானம் தெளிந்தது. ஆனால் அந்த வருஷங்களில் நம் ஊர்ச் சோதிடர்கள் சோழி வைத்துக் கிரகணம் கணிக்கிற முறையைக் கற்று எழுதி வைத்துவிட்டுப் போனார். தேடி வந்தது கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. எனக்கும் பல காலைகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கேச் குறைவாக இருந்தால் எங்கே போவது?

டப்பா இல்லாத கேச்சும் உண்டு. எர்த்கேச் என்பார்கள், 2004-ல் வந்தது. ஒரு பாறையையோ மண்ணையோ நேரில் பார்த்து, கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் எண் இல்லாத இடத்திலும் கண் திறந்துவிடும்.

திருவக்கரைக்குப் போங்கள். புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1940-லேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது. பட்டையின் வரி, கணு எல்லாம் தெரிகிறது, தொட்டால் கல். அந்த மரங்கள் கிடக்கிற மணற்கல்லுக்குப் புவியியல்காரர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல். நம் ஊர்ப் பெயர் இரண்டு கோடி வருஷத்துக்குப் போய் நிற்கிறது. சின்னத் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது.

அடுத்து கடலூரிலேயே குண்டு சாலை. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று ஒப்பந்தம். சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் போயின. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கோட்டைப் பக்கம் நின்றுகொண்டு போனில் குண்டு உப்பலவாடிக்கு எவ்வளவு தூரம் என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். சின்ன வயசிலிருந்து அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டியவன் நான். கேச் தேட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெயரை நின்று கேட்டேன்.

அரிக்கமேட்டையும் பாருங்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய, ரோமானியரோடு வாணிபம் நடந்த இடம். கடலூர் ரோட்டிலிருந்து அரியாங்குப்பத்தில் திரும்பினால் பக்கம்தான். பாதுகாக்கப்பட்ட இடம், தரையைக் கிளறக் கூடாது.

நானே ஒரு கேச் வைக்கலாமா?

சொந்த ஊரில் வையுங்கள். வழியில் வேண்டாம். டப்பா நனைந்தால், உடைந்தால் போய்ப் பார்க்க வேண்டியது வைத்தவர் கடமை. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு யார் பார்ப்பது? இட உரிமையாளரிடம் கேட்டு வையுங்கள். குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. இன்னொரு கேச்சிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நம் வெயிலில் மலிவான பிளாஸ்டிக் ஒரே கோடையில் நொறுங்கிவிடும், ரப்பர் வளையம் வைத்த கெட்டி டப்பாவாக வாங்குங்கள். காந்தம் வைத்து இரும்பில் ஒட்டுகிற வகையை நான் ஊக்குவிப்பதில்லை. மதியம் தொடுகிறவர் கை பொசுங்கும். மரப்பொந்தை நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் ஒரே காலையில் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டதைப் பார்த்த ஊர் இது.

கேச்சுக்குள் ஊர் விட்டு ஊர் போகும் பொருள் ஏதோ இருக்குமாமே?

டிராக்கபிள். எண் பொறித்த சின்னத் தகடு, கூட ஒரு பொம்மை கோத்திருக்கும். ஒரு கேச்சில் எடுத்து இன்னொரு கேச்சில் வைக்க வேண்டும். அது எங்கெல்லாம் போனது என்று இணையத்தில் தெரியும். எங்களை மாதிரி ஓடுகிறவர்களுக்காகவே செய்ததுபோல இருக்கும். ஒரு தடவை மஞ்சள் பொம்மை லாரி கோத்த ஒன்று கிடைத்தது. பெங்களூருப் பக்கம் எடுத்ததைக் குஜராத்தில் வைத்தேன். என் மகள் பள்ளி விடுமுறை முழுக்க அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மாதத்தில் அது ஜெர்மனியில் இருந்தது. வரைபடப் புத்தகத்தில் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருக்கிறாள்.

சீட்டில் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. நான் தமிழில்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் விரல் அகலத்துக்கு ஒரு காகிதச் சுருள்தான் இருக்கும், அதனால் சுருக்கமாக எழுத வேண்டும். பெயர், தேதி, எங்கிருந்து எங்கே போகிற லோடு, அப்போது என்ன வெயில். போன மாதம் கோலாப்பூர் தாண்டி ஒரு வேலிக்கல் அடியில் எழுதியது: "கடலூர் டு அங்கலேஷ்வர், முந்திரி, காலை 6.10, இன்னும் சூடு ஏறல." சுருளைத் திருப்பினால் எனக்கு மேலே யாரோ கன்னடத்தில் நாலு எழுத்து எழுதி, பக்கத்தில் ஒரு லாரிப் படம் போட்டிருந்தார்கள்.